எத்தனை கிற்றார் வேண்டும்? வாகரைக் கரையிலிருந்து ஒரு கணக்கு

வாகரையைப் பூர்வீகமாகக் கொண்டு இப்போது இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர் மின்னஞ்சலில் ஒரு வினாவை எழுப்பியிருந்தார். அவருடைய மகன் கிற்றார் வாசிப்பவன். வீட்டில் ஏற்கனவே ஐந்து கிற்றார்கள் இருக்கின்றன. ஆறாவதும் அவசியம் என்கிறான். "ஒரு வாத்தியகாரனுக்கு உண்மையில் எத்தனை கிற்றார் தேவை? நீர் பழைய ஆள், வரலாறு படித்தவர், சொல்லும்" என்று எழுதியிருந்தார்.

எனக்குக் கிற்றார் வாசிக்கத் தெரியாது. ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நண்பரின் சொந்த மண்ணையே வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும் என்று தோன்றியது. மட்டக்களப்பு மாவட்டத்தின் வட அந்தத்தில், பனிச்சங்கேணிக் களப்புக்கும் வெருகல் ஆற்றுக்கும் இடையே கிடக்கும் அந்தக் கரையைச் சூழ்ந்த பிரதேசத்தில் ஒரு வாத்தியமும் இல்லாத இசை இருந்தது. ஒரே வாத்தியத்துடன் விடியும்வரை நடந்த இசை இருந்தது. கடல் கடந்து வந்த தந்தி வாத்தியங்களின் இசையும் இருந்தது. இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் பூச்சியத்திலிருந்து தொடங்குவோம். வாகரைப் பகுதியில் இன்றும் வாழும் கரையோர வேடர்கள் நீண்ட காலத்துக்கு முன்பே தமிழைத் தம் மொழியாக்கிக் கொண்டவர்கள். இலங்கை வேடர்களைப் பற்றி செலிக்மன் தம்பதியர் எழுதிய பெருநூல் 1911இல் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது. கரையோர வேடர்களைப் பற்றியும் அதில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. அவர்கள் உள்நாட்டு வேடர்களின் பாடல்களை மெழுகு உருளைகளில் ஒலிப்பதிவு செய்து எடுத்துச் சென்றார்கள். சாள்ஸ் மையர்ஸ் என்ற உளவியல் அறிஞர் அவற்றை ஆராய்ந்து அதே நூலில் ஓர் அத்தியாயம் எழுதினார். ஜெர்மனியில் மாக்ஸ் வெர்த்தைமர் என்பவரும் அப்பாடல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அவர்கள் கண்டது இதுதான். இந்தப் பாடல்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று சுரங்களுக்குள் அமைந்தவை. உள்நாட்டு வேடர்களிடம் இசைக்கருவி என்று எதுவுமே இல்லை. தாளம் வேண்டுமானால் தம் உடம்பிலேயே தட்டிக்கொண்டார்கள். உலக இசையியலாளர் பல ஆண்டுகள் எடுத்துக்காட்டாகச் சொன்ன இசை அது. குழந்தையைத் தூங்கவைக்கவும் தெய்வத்தை அழைக்கவும் அந்த இசை போதுமானதாக இருந்தது. ஆகவே பாடுவதற்குத் தேவையான வாத்தியங்களின் மிகக் குறைந்த எண்ணிக்கை பூச்சியம் என்பது நம் பக்கத்திலேயே நிரூபிக்கப்பட்ட உண்மை.

அடுத்தது ஒன்று. பழந்தமிழ்ப் பாணன் தன் வாத்தியத்தின் பெயராலேயே அறியப்பட்டான். சீறியாழ் ஏந்தியவன் சிறுபாணன், பேரியாழ் ஏந்தியவன் பெரும்பாணன். பத்துப்பாட்டில் உள்ள இரண்டு ஆற்றுப்படைகளின் பெயர்களே இதற்குச் சான்று. இந்த யாழ்களின் கணக்கைத் துல்லியமாக ஆராய்ந்து எழுதியவரும் மட்டக்களப்புப் பிரதேசத்தவரே. காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர், பல ஆண்டு உழைப்பின் பயனாக எழுதிய 'யாழ் நூல்' 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்பது உரையாசிரியர்கள் தரும் கணக்கு.

இங்கே ஒரு தொழில்நுட்ப உண்மையைக் கவனிக்க வேண்டும். யாழில் ஒரு நரம்பு ஒரு சுரத்தையே தரும். பண் மாறினால் நரம்பை இறுக்கியோ தளர்த்தியோ மீண்டும் இசைகூட்ட வேண்டும். யாழ் வகைகள் பல தோன்றியதற்கு ஒரு நியாயம் அங்கே இருக்கிறது. மெட்டுக்கள் பொருத்திய வீணையிலும் கிற்றாரிலும் நிலைமை வேறு. ஒரே தந்தியை வெவ்வேறு மெட்டுகளில் அழுத்திப் பல சுரங்களைப் பெறலாம். ஆறு தந்திகளில் ஏறத்தாழ இருபது மெட்டுகள் என்றால், வாசிக்கத் தெரிந்தவனுக்குச் சுரப் பஞ்சம் வரவே வராது. ஆகவே 'சுரம் போதவில்லை' என்று சொல்லி இன்னொரு கிற்றார் வாங்க எவருக்கும் வழியில்லை.

மட்டக்களப்புக் கூத்துக்கு வருவோம். வடமோடியோ தென்மோடியோ, களரியை ஆள்வது அண்ணாவியாரின் மத்தளம்தான். கூடவே ஒரு சோடி சல்லரி. பல மாதங்கள் பழக்கி, அரங்கேற்ற இரவில் விடியும்வரை ஆட்டுவிப்பார்கள். அரசன் வரவுக்கும் அதே மத்தளம், போருக்கும் அதே மத்தளம், புலம்பலுக்கும் அதே மத்தளம். வி.சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' என்ற நூலில் இந்தக் கலைகளை விரிவாகப் பதிவு செய்தார். அதே காலப்பகுதியில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துகளைச் செம்மைப்படுத்தி மேடையேற்றினார். நவீன ஒளியமைப்பு வந்தது, நேரம் சுருங்கியது. அண்ணாவியாரின் மத்தளம் மட்டும் தன் இடத்தில் இருந்தது. 'ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்' என்ற பழமொழி அந்த அண்ணாவிமாருக்குத் தேவைப்படவில்லை.

இனிக் கடல் கடந்து வந்தவற்றைப் பார்ப்போம். போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டுகளில், 1638இல், அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆனால் அவர்களுடைய மொழியும் இசையும் அங்கே தங்கிவிட்டன. மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியர் சமூகத்தின் முதியவர்கள் இன்றும் இலங்கைப் போர்த்துக்கேயக் கிரியோல் மொழி பேசுகிறார்கள். திருமண வீடுகளில் 'கபிரிஞ்ஞா' ஆடுகிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கையில் பணியாற்றிய ஹியூ நெவில் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டிய சுவடிகளில், மட்டக்களப்பிலிருந்து பெற்ற போர்த்துக்கேயப் பாடற் கையெழுத்துப் பிரதியும் உண்டு. அது இப்போது பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது.

போர்த்துக்கேயர்தான் கிற்றாரைக் கொண்டுவந்தார்கள் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இதில் சற்று அவதானம் வேண்டும். இன்று நாம் காணும் ஆறு தந்திக் கிற்றார் ஐரோப்பாவிலேயே 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் உருப்பெற்றது. கோட்டை கட்டியவர்கள் அதைக் கொண்டுவந்திருக்க முடியாது. அதன் மூதாதையரான வேறு தந்தி வாத்தியங்களைக் கொண்டுவந்திருக்கலாம். கபிரிஞ்ஞாவில் முன்னிற்பதும் வயலின்தான். கிற்றார் தாளமும் சுருதியும் கொடுத்துப் பக்கத்தில் நிற்கும். மட்டக்களப்புப் பறங்கியர் தச்சுவேலை, இரும்புவேலை போன்ற கைத்தொழில்களுக்குப் பெயர் பெற்றவர்கள். உளியும் பசையும் கையிலிருக்கும் வீட்டில், வெடித்த வாத்தியம் குப்பைக்குப் போவதில்லை.

இதற்கு மறு அந்தத்தில், புத்தளத்தை அடுத்த சிறாம்பியடியில் வாழும் ஆபிரிக்க வம்சாவளியினரைப் பாருங்கள். அவர்களுடைய 'மாஞ்ஞா' பாடல்களுக்குத் தேங்காய்ச் சிரட்டையும், போத்தலும், கரண்டியும், மர நாற்காலியும்கூட வாத்தியமாகின்றன. வாத்தியம் இல்லாத குறை அந்தச் சபையில் தெரியாது.

கிற்றார் இலங்கையில் பொதுச்சொத்தாக மாறியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்தியன் பைலாவைச் சிங்கள மக்களின் இசையாக்கினார். 1960களில் கிளரன்ஸ் விஜேவர்தன மின்கிற்றாரை அதனுள் கொண்டுவந்தார். தமிழில் நித்தி கனகரத்தினம் பொப்பிசைக்கு வழிதிறந்தார். பின்னர் ஏ.ஈ. மனோகரன் அதைத் தமிழகம் வரை கொண்டுசென்றார். அந்நாட்களில் ஊர்க் குழு ஒன்றில் ஒரு கிற்றார் இருந்தாலே பெரும் பேறு. அது ஒருவரின் பெயரில் இருந்தாலும் பலரின் கையில் இருந்தது. ஒரே கிற்றாரில் ஐந்தாறு பேர் பழகிய ஊர்களை நான் அறிவேன். 1970களின் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் வெளிநாட்டுப் பொருள்கள் கிடைப்பது எத்துணை அரிதாக இருந்தது என்பது என் வயதினருக்குத் தெரியும்.

இப்போது எண்ணிக்கை நியாயமாகவே கூடும் இடங்களைப் பார்ப்போம். புல்லாங்குழலின் சுருதி துளையிட்ட அன்றே தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே குழல் வித்துவான் ஒரு பை நிறையக் குழல் வைத்திருப்பது ஆடம்பரம் ஆகாது. மிருதங்க வித்துவானும் பாடகரின் சுருதிக்கேற்பத் தக்குச் சுருதிக்கு ஒன்றும் உயர்ந்த சுருதிக்கு ஒன்றும் வைத்திருந்தே ஆகவேண்டும். கிற்றார்காரனுக்கு அந்தச் சிரமம் இல்லை. தந்திகளின் குறுக்கே மாட்டும் 'கப்போ' என்ற சிறு பிடி ஒன்று போதும், சுருதி மாறிவிடும்.

ஆனால் கிற்றாருக்கும் சில எல்லைகள் உண்டு. நைலோன் தந்திக்கென இலேசாகச் செய்த கிற்றாரில் உருக்குத் தந்தி மாட்டினால் பாலம் பெயர்ந்துவிடும்; ஆறு உருக்குத் தந்திகளின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 70 கிலோ. மின்கிற்றாரின் நாதத்தை மரக்கிற்றாரில் எடுக்க முடியாது. பேஸ் கிற்றார் உண்மையில் வேறொரு வாத்தியம். மேடைக் கலைஞனுக்கு நடுவில் தந்தி அறுந்தால் எடுக்க இன்னொன்று வேண்டும். ஒலிப்பதிவுக் கூடங்களில் தொழில் செய்பவருக்கு இவை எல்லாமே கருவிப்பெட்டி. தச்சனிடம் ஏன் நான்கு உளி என்று நாம் கேட்பதில்லை. வீட்டில் பழகும் ஒருவருக்கு ஒன்று. மேடை ஏறுபவருக்கு இரண்டு. இரண்டு வகை இசை வாசிப்பவருக்கு மூன்று. அதற்குமேல் போனால் அது சேகரிப்பு. சேகரிப்பது குற்றமில்லை. அதைத் தேவை என்று சொல்வதுதான் பொருந்தாது.

பெரியவர்களின் கணக்கும் இதையே சொல்கிறது. ஸ்பெயின் நாட்டு மேதை செகோவியா, 1912இல் ராமிரெஸ் பட்டறையில் செய்த கிற்றாரைக் கால் நூற்றாண்டு வாசித்தார். பிறகு 1937இல் ஹவுசர் செய்த ஒன்றை அடுத்த கால் நூற்றாண்டு வாசித்தார். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969 முதல் ஒரே மார்ட்டின் கிற்றாரோடு வாழ்கிறார். அதன் பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. நூற்றுக்கணக்கில் வைத்திருந்தவர்களும் உண்டு. எரிக் கிளாப்டன் 1999இல் நியூயோர்க்கில் தம்முடைய 100 கிற்றார்களை ஏலமிட்டு, ஏறத்தாழ 50 இலட்சம் டொலரைப் போதையிலிருந்து மீள்வோருக்கான நிலையத்துக்குக் கொடுத்தார். டேவிட் கில்மோர் 2019இல் 120க்கும் மேற்பட்ட கிற்றார்களை விற்று, 2 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைச் சூழல் பாதுகாப்புப் பணிக்கு வழங்கினார். கொடுத்த பின்னரும் இருவரும் வாசிப்பை நிறுத்தவில்லை.

பேணுவதும் ஒரு செலவு. கிற்றார் மரத்துக்கு 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதன் உகந்தது என்பார்கள். களப்பும் கடலும் சூழ்ந்த ஊரில் காற்றின் ஈரம் அதைவிட மிக அதிகம். உப்புக்காற்றில் உருக்குத் தந்தி துருப்பிடிக்கும், பசை இளகும், கழுத்து வளையும். நாளும் கையில் எடுத்துத் துடைத்து வாசிக்கும் வாத்தியம் அந்தக் காற்றிலும் பிழைக்கும். பெட்டிக்குள் பூட்டிய ஐந்தாவதுதான் முதலில் கெடும்.

இவை அனைத்துக்கும் மேலாக, எங்கள் கிழக்குக் கரைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. 1978 நவம்பரில் சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை வாகரையை அழித்தது. அதே காலையில் பறங்கியர் வாழ்ந்த டச்பார் குடியிருப்பையும் அழித்தது. கபிரிஞ்ஞாவை அறிந்த மனிதர்களும் அவர்களின் வாத்தியங்களும் ஒன்றாகவே போயின. இரண்டு ஆண்டுகள் கழிவதற்குள் யுத்தம் வந்தது. 2006 நவம்பர் 8ஆம் திகதி, கதிரவெளியில் இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த பாடசாலை மீது எறிகணைகள் விழுந்து பலர் மாண்டனர். தொடர்ந்து ஆயிரக்கணக்கானோர் காட்டுவழியாகவும் கடல்வழியாகவும் வாழைச்சேனைப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். 2007 ஜனவரியில் வாகரை இராணுவத்தின் வசமானது.

அந்த வழியில் வந்தவர்கள் குழந்தையைச் சுமந்தார்கள், முதியோரைச் சுமந்தார்கள், ஒரு பொதியைச் சுமந்தார்கள். இரண்டாவது பொதிக்குக் கை இல்லை. உடைமை என்ற சொல்லுக்கு இதைவிடக் கறாரான அளவுகோலை நான் எங்கும் படித்ததில்லை. புளூஸ் மேதை பி.பி. கிங் 1949இல் எரியும் மண்டபத்துக்குள் மீண்டும் ஓடித் தம் கிற்றாரை எடுத்துவந்தார். அந்தத் தீயில் அவர் தேடி ஓடியது ஒரே ஒரு கிற்றாரைத்தான்.

கணக்கு இதுதான். எந்தக் கிற்றாருக்காக நீங்கள் தீக்குள் திரும்பி ஓடுவீர்களோ, அது ஒன்று. தொழிலுக்கு உண்மையிலேயே வேண்டியது மற்றொன்றோ இரண்டோ. எஞ்சியவை வேறொருவருடைய முதல் கிற்றார்கள். அவை தற்காலிகமாக உங்கள் வீட்டில் தங்கியிருக்கின்றன, அவ்வளவே. புலம்பெயர்ந்த வீடுகளின் மேல்மாடிகளில் அப்படி எத்தனை தூங்குகின்றனவோ! இரண்டு பேரழிவுகளில் எல்லாவற்றையும் இழந்த ஒரு கரையில், வாசிக்க விருப்பமும் வாத்தியம் இல்லாத கைகளும் கொண்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆறாவதை வாங்குவதற்கு முன், ஐந்தாவதை அங்கே அனுப்புவதற்கு வழி உண்டா என்று விசாரித்துப் பார்க்கலாம்.