விரல் அளந்த குழல்

வரிசைகளும் கீதமும் முடித்து வர்ணத்துக்கு வந்துவிட்ட மாணவருக்கு, தொடக்கத்தில் வாங்கிய புல்லாங்குழல் போதாமற்போகும் நாள் ஒன்று வரும். கீழ் ஸ்தாயியில் காற்று வருகிறது, நாதம் வருவதில்லை. மேல் ஷட்ஜம் சுருதிப் பெட்டியோடு ஒட்டாமல் விலகி நிற்கிறது. கமகத்துக்காக விரலை உருட்டினால் துளை இடங்கொடுப்பதில்லை. அடுத்து எந்தக் குழலை வாங்குவது என்ற கேள்வி அப்போது எழுகிறது. பதுளை, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை என்று பரந்துகிடக்கும் ஊவாத் தோட்டங்களில் இந்தக் கேள்வியின் பாரம் அதிகம். நாட்சம்பளத்தில் ஓடும் குடும்பம் இன்னொரு முறை வாங்கும் நிலையில் இருப்பதில்லை. தேர்வு பிழைத்தால் பிள்ளையின் பயிற்சியே அதோடு நின்றுவிடக்கூடும். கூடிய விலைக்கு விற்பதுதான் மேலான குழல் என்ற எண்ணமே பெரும்பாலும் இந்தத் தேர்வை நடத்துகிறது. குழலின் நெடிய வரலாறும், தோட்டத்து மக்களின் சொந்த இசைப்பழக்கமும் அந்த எண்ணத்துக்கு ஆதரவாக இல்லை. ஊதுபவரின் விரலுக்கும், பாடும் சுருதிக்கும், ஊதும் இடத்தின் காற்றுக்கும் எது பொருந்துகிறதோ அதுவே மேலான குழல் என்பதுதான் அவை இரண்டும் தரும் தீர்ப்பு.

சான்றுகளில் முதலில் வைக்க வேண்டியது சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரை. குழல் எப்படிச் செய்யப்பட வேண்டும் என்பதை ஒரு கைவினைஞர் மற்றொருவருக்குச் சொல்வதுபோல் அவர் விளக்குகிறார். நீளம் இருபது விரல். சுற்றளவு நாலரை விரல். இடப்பக்க முனை அடைக்கப்படும். வலப்பக்க முனை திறந்திருக்கும். எட்டுத் துளைகள் இடப்படும். அவற்றுள் ஒன்று முத்திரை என்று ஒதுக்கப்பட, மற்ற ஏழின் மேல் ஏழு விரல்கள் அமரும். இடக்கையில் பெருவிரலையும் சிறுவிரலையும் விட்டு மூன்று விரல்கள். வலக்கையில் பெருவிரலை மட்டும் விட்டு நான்கு விரல்கள். இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது அளவின் பெயர். கருவியின் நீளமும் சுற்றும் விரலால் அளக்கப்படுகின்றன. துளைகளின் எண்ணிக்கை எந்தக் கையில் எத்தனை விரல் என்பதோடு சேர்த்தே சொல்லப்படுகிறது. கருவியையும் கையையும் பிரித்துப் பார்க்காத மரபு இது. இன்று ஒரு சிறுமியின் சிறுவிரல் கடைசித் துளையை எட்டுகிறதா என்று பார்க்காமல் குழல் வாங்கிக் கொடுக்கும்போது, அந்த மரபின் முதல் விதியையே நாம் மறந்துவிடுகிறோம்.

எந்தப் பொருளால் குழல் செய்வது என்பதையும் அந்த உரை பேசுகிறது. மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று ஐந்தைச் சொல்லி, மூங்கிலை உத்தமமாகவும் வெண்கலத்தை மத்திமமாகவும் மற்றவற்றை அதமமாகவும் வரிசைப்படுத்துகிறது. வேலியோரத்திலும் ஆற்றங்கரையிலும் கிடைக்கும் மூங்கிலை, விலைமிக்க சந்தனத்துக்கும் வெண்கலத்துக்கும் மேலே வைத்த வரிசை இது. அதே உரையாசிரியர், தம் காலத்தில் கருங்காலிக் குழலே பெருவழக்கு என்பதையும் மறைக்காமல் எழுதுகிறார். விதி ஒன்று, நடைமுறை வேறொன்று என்பதை ஏற்கும் நேர்மை அதில் இருக்கிறது. இன்னும் முந்திய பெரும்பாணாற்றுப்படையில் வரும் இடையன், தீக்கடைகோலால் துளை சுட்டுத் தானே குழல் செய்துகொள்கிறான். அகநானூற்றில் கபிலரின் பாட்டொன்றில் வண்டு துளைத்த மூங்கிலில் கோடைக்காற்று நுழைந்து குழலிசை எழுப்புகிறது. கையில் கிடைத்த பொருளும் அந்த இடத்தின் காற்றும் குழலை உண்டாக்கின என்பது தமிழுக்குப் பழகிய நினைவு.

அண்மைக்கால வரலாறும் இதே திசையில்தான் செல்கிறது. பக்கவாத்தியமாக இருந்த புல்லாங்குழலைத் தனிக் கச்சேரிக்குரிய கருவியாக உயர்த்தியவர் கும்பகோணம் சரப சாஸ்திரி (1872–1904). கண்பார்வையற்ற அவர் முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்தார். அவருடைய சீடர் பல்லடம் சஞ்சீவ ராவ் (1882–1962) அந்த இடத்தை நிலைநிறுத்தினார். அடுத்து வந்த திருவிடைமருதூர் டி.ஆர். மகாலிங்கம் (1926–1986), மாலி என்று எல்லோரும் அழைத்தவர், வாய்ப்பாட்டின் கமகங்களைக் குழலில் கொண்டுவர விரல் வைக்கும் முறையையே மாற்றினார். அவருடைய சீடர் என். ரமணி (1934–2015) நீண்ட மந்தரக் குழலைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார். வடக்கே, வங்கத்துப் பாரிசாலில் பிறந்த பன்னாலால் கோஷ் (1911–1960) ஆலாபனையின் ஆழத்துக்காக ஏறத்தாழ 32 அங்குல நீளக் குழலை வடிவமைத்தார். இவர்களால் குழலில் நிகழ்ந்த மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் நீளம், விரல் முறை, மூச்சு என்றுதான் கணக்கு போகிறது. மூங்கில் மூங்கிலாகவே இருந்தது. ஒவ்வொருவரும் தாம் பாட நினைத்த இசைக்குத் தக்கதாகக் கருவியை அமைத்துக்கொண்டார்கள் என்பதே அந்த முன்னேற்றத்தின் சாரம்.

இந்த வரலாறு ஊவாவை வந்தடைந்தது தாமதமாகத்தான். கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து மலையேறினார்கள். 1869இல் கோப்பியை அழித்த இலைத்துரு நோய் இலங்கையில் முதலில் கண்டறியப்பட்டது ஊவாவின் மடூல்சீமையில்தான். கோப்பி போய்த் தேயிலை வந்தது. 1924இல் ரயில் பதுளைக்கு வந்தது. இந்தக் காலம் முழுவதும் தோட்டத்தின் வாத்தியம் தப்பு. விடியற்காலையில் பெரட்டுக்கு ஆளெழுப்பியது தப்பு. காமன் கூத்துக்கும் திருவிழாவுக்கும் சாவுக்கும் ஒலித்ததும் தப்பு. தோட்டப் பாடசாலைகளோ நீண்டகாலம் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே இருந்தன. 1977 முதல்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. நாடு 1940களில் பெற்ற இலவசக் கல்வியின் முழுப்பயன் லயத்துப் பிள்ளைகளை எட்ட இத்தனை காலம் பிடித்தது. சங்கீத பாடமும் அதோடுதான் வந்தது. 1931இல் தொடங்கப்பட்ட வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாக நடத்தும் தேர்வுகளைப் போன்ற ஏணிகளில் மலையகப் பிள்ளைகள் கால்வைக்கும் காலமும் இப்படித்தான் தள்ளிப்போனது. தாமதமாகத் தொடங்கியவருக்குத் தவறான கருவியால் வீணாகும் ஓராண்டு மிகப் பெரிய இழப்பு.

குழலைப் பற்றித் தோட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்கத் தப்பே போதும். மூடுபனி இறங்கும் மாலையில் தப்பின் தோல் தளர்ந்துவிடும். அடிப்பவர் வைக்கோலையோ சருகையோ கொளுத்தி, தோலை நெருப்புக்கு நேரே காட்டிச் சுற்றிச் சுற்றிக் காய்ச்சுவார். விரலால் தட்டிப் பார்ப்பார். ஒலி இறுகிய பிறகுதான் தோளில் மாட்டுவார். கருவியின் சுருதியைத் தீர்மானிப்பதில் அந்த மலையின் காற்றுக்கும் பங்கு உண்டு என்ற அறிவு அந்தச் செயலில் இருக்கிறது. குழலுக்கும் அதே விதி பொருந்தும், வேறு வழியில். குழலின் சுருதி உள்ளிருக்கும் காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப் பொறுத்தது. அந்த வேகம் வெப்பத்தோடு கூடும், குளிரோடு குறையும். 30 பாகை வெப்பத்தில் சரியாகச் சுருதி சேர்ந்த குழல், 20 பாகைக் குளிரில் அரைச்சுரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இறங்கி ஒலிக்கும். சென்னையில் பார்த்து வாங்கிய குழல், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,200 மீட்டர் மேலே இருக்கும் பண்டாரவளையின் காலைக் குளிரில் சுருதி இறங்கி நிற்பது இதனால்தான். உயரத்தால் வரும் காற்றழுத்தக் குறைவு இதற்குக் காரணமில்லை, குளிரே காரணம். மூச்சின் சூடு குழலில் ஏற ஏற இந்த இறக்கம் குறையும். ஆகவே கச்சேரிக்கோ தேர்வுக்கோ முன் குழலை ஊதிச் சூடேற்றுவது தப்புக் காய்ச்சுவதற்கு இணையான செயல். காற்றின் இன்னொரு முகம் கச்சான். ஆடி ஆவணியில் மலையைத் தாண்டி வறண்டு வீசும் அந்தக் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகம் அறிந்த மணத்தைத் தருகிறது. சரியாக உலராத மூங்கிலை வெடிக்க வைப்பதும் அத்தகைய வறட்சிதான். நன்றாக முற்றி, ஆறப்போட்டு உலர்த்திய மூங்கிலா, நூற்கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது ஊவாவில் வாங்குபவருக்குக் கட்டாயம்.

விலைக்கும் தரத்துக்கும் தொடர்பே இல்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மேற்கில் இடைநிலை மாணவருக்கு விற்கும் குழல்களில் வெள்ளியின் அளவு கூடக்கூட விலையும் கூடுகிறது. அங்கே குழலின் அடிப்படை அமைப்பை மாற்றிய மியூனிக் நகரத்துத் தியோபால்ட் போம் 1832இலும் 1847இலும் செய்த இரு பெரும் சீர்திருத்தங்களில் துளைகளின் இடமும் அளவும், குழாயின் உள்வடிவமுமே மையமாக இருந்தன. 1971இல் ஜான் கோல்ட்மன் என்ற அமெரிக்க இயற்பியலாளர் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே உள்ளளவில் செய்த குழல்களை மறைவில் ஊதவைத்துச் சோதித்தார். கேட்டவர்களால் எது எந்தப் பொருள் என்று பிரித்தறிய முடியவில்லை. ஆகவே பணம் எதற்குத் தரப்படுகிறது என்பதே கேள்வி. வாய்த்துளையின் விளிம்பைச் செதுக்கும் கைக்கும், சுரம் சுரமாகக் கேட்டுத் துளையைச் சிறிது சிறிதாக அகட்டும் காதுக்கும் தரும் பணம் தக்க இடத்தில் செலவாகும் பணம். வண்ணப்பூச்சுக்கும் பட்டு உறைக்கும் தருவது அப்படியில்லை. இன்னும் சிலர் பிளாஸ்டிக் குழாயில் செய்த குழலை இழிவாக நினைக்கிறார்கள். அளவு சரியாகச் செய்யப்பட்டிருந்தால் கச்சானில் வெடிக்காத அந்தக் குழல் பயிற்சிக்கு உதவும். மூங்கிலை உத்தமம் என்று எழுதிய கையே கருங்காலியின் பெருவழக்கையும் ஒப்புக்கொண்டது என்பதை நினைத்தால், இதில் மரபுக்கு இழுக்கு எதுவும் நேரவில்லை.

மற்றொரு மறுப்பு ஆழமானது. தோட்டத்தின் குரல் தப்பாக இருக்க, கச்சேரி மேடையின் குழலை ஏன் தோட்டத்துப் பிள்ளையின் கையில் திணிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். தப்புக்கு உரிய மதிப்பு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை என்ற வலியிலிருந்து எழும் கேள்வி அது; அந்த வலி உண்மையானது. ஆனால் குழல் பிறந்த இடம் மேடை அன்று. முல்லை நிலத்து ஆயரின் கருவி அது; ஆய்ச்சியர் குரவையில் கொன்றைக் குழல், ஆம்பற் குழல், முல்லைக் குழல் என்று ஆயர்மகளிர் பெயர் சொல்லிப் பாடும் அளவுக்கு உழைப்பவரின் வாழ்வோடு ஒன்றியது. சரப சாஸ்திரிக்கு முன் மேடையிலேயே அதற்குத் தனியிடம் இருந்ததில்லை. மாடு மேய்த்தவரின் குழல் மலையில் கொழுந்து பறிப்பவரின் வீட்டுக்கு வருவதில் அந்நியம் ஏதும் இல்லை. தப்பு கற்ற பிள்ளைக்குத் தாளமும் காற்றின் இயல்பும் முன்பே தெரியும்; அந்த அறிவோடு குழலுக்கு வருபவர் வெறுங்கையோடு வருபவரைவிட ஒரு படி மேலே நிற்கிறார்.

ஆக, அடுத்த குழலைத் தேரும்போது செய்ய வேண்டியவை சில. முதலில் சுருதி. பாடகரோடு சேர்ந்து ஊதும் பிள்ளைக்கு அந்தப் பாடகரின் கட்டையே அளவு. ஐந்து கட்டைக் குழலிலிருந்து இரண்டு கட்டைக் குழலுக்குப் போனால் குழலின் நீளமும் துளைகளின் இடைவெளியும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடும். பன்னிரண்டு வயதுக் கைக்கு அது தாங்காது. அந்தக் கைக்கு நான்கு கட்டையோ நாலரையோ நடுப்படியாக அமையும். அடுத்து விரல். எல்லாத் துளைகளையும் மூடி, கையைத் தளர்த்தி, எந்த விரலும் நீட்டி இழுபடாமல் கீழ்ச் சுரம் நின்று ஒலிக்க வேண்டும். பிறகு ஸ்தாயி. ஒரே விரல் நிலையில் மூச்சை மட்டும் கூட்டிக் கீழ் ஷட்ஜத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்குப் போய், இரண்டும் சுருதிப் பெட்டியோடு ஒட்டுகின்றனவா என்று கேட்க வேண்டும். ஒட்டாவிட்டால் முனையின் அடைப்பு இடம் மாறியிருக்கலாம், அல்லது குழாயின் உள்வடிவம் பிழைத்திருக்கலாம். அடைப்பைச் செய்பவர் சரிசெய்து தருவார். உள்வடிவம் பிழைத்தால் அந்தக் குழலை விட்டுவிட வேண்டும். இவற்றை முடிந்தால் தாம் வாழும் இடத்தின் குளிரில், ஐந்து நிமிடம் ஊதிச் சூடேற்றிய பிறகு செய்வது நல்லது. ஊவாவில் சங்கீதம் கற்பிக்கும் ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே: விலையைக் கேட்பதற்கு முன் குழலைப் பிள்ளையின் கையில் கொடுங்கள், விரல்கள் துளைகளில் அமர்கின்றனவா என்று பாருங்கள், பிறகு பேசுங்கள். இருபது விரல் நீளம், நாலரை விரல் சுற்று என்று குழலை விரலால் அளந்த மரபு நமக்கு அந்த ஒழுங்கைத்தான் விட்டுச்சென்றிருக்கிறது.