லூட்டின்

கீரைகளிலும் செண்டுமல்லி இதழ்களிலும் உள்ள மஞ்சள் நிறமி. கரோட்டினாய்டு வகையைச் சேர்ந்தது. உடல் இதை உருவாக்காது, உணவிலிருந்தே பெற வேண்டும். விழித்திரையின் மையமான மாக்குலாவில் சீயாசாந்தின் என்ற மற்றொரு நிறமியுடன் சேர்ந்து படிந்து, நீல ஒளியை உறிஞ்சுகிறது.

இதன் பயனை விரிவாகச் சோதித்தது, அமெரிக்க தேசியக் கண் நிறுவனத்தின் ஏரெட்ஸ்-2 ஆய்வு (2013). முதுமைசார் மாக்குலா சிதைவு முற்றும் அபாயமுள்ள, 50 முதல் 85 வயது வரையிலான சுமார் 4,200 பேர் இதில் பங்கேற்றனர். வழக்கமான வைட்டமின், துத்தநாகக் கலவையுடன் 10 மி.கி. லூட்டினும் 2 மி.கி. சீயாசாந்தினும் சேர்த்தும், முதன்மைப் பகுப்பாய்வில் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனால் அக்கலவையில் இருந்த பீட்டா கரோட்டினுக்கு மாற்றாக லூட்டின் தகுதி பெற்றது. பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடம், குறிப்பாகப் புகைப்பழக்கத்தை விட்டவர்களிடம், நுரையீரல் புற்றுநோய் அதிகரித்திருந்தது. 2022-இல் வெளியான பத்தாண்டுத் தொடராய்வும் இம்மாற்றம் சரியே என்று காட்டியது.

கண்புரை அறுவை சிகிச்சையின் தேவையை லூட்டின் குறைக்கவில்லை. கொழுப்பில் கரைவதால், எண்ணெய் விட்டுத் தாளித்த கீரையிலிருந்தும் முட்டை மஞ்சள் கருவிலிருந்தும் எளிதில் உடலில் சேரும். நோயற்ற கண்ணுக்கு லூட்டின் மாத்திரை தேவை என்பதற்கு வலுவான சான்று இல்லை.