முழுவினை துணைவினையான வரலாறு: ஆங்கில மோடல் வினைகள்

ஆங்கிலத்தில் ‘ஷி சிங்ஸ்’ என்கிறோம். ‘ஷி கேன்ஸ்’ என்பதில்லை. ‘டு சிங்’ உண்டு. ‘டு கேன்’ இல்லை. கேன், மே, மஸ்ட், ஷல், வில் முதலிய மோடல் வினைகள் எழுவாய்க்கேற்ப விகுதி ஏற்பதில்லை. பொது ஆங்கிலத்தில் ஒன்றையடுத்து மற்றொன்று வருவதுமில்லை. இவற்றை விதிவிலக்குகள் என்று சொல்லி மாணவரை மனப்பாடம் செய்யவைப்பது நம் வகுப்பறை வழக்கம். உண்மையில் இவை நீண்டதொரு மாற்றத்தின் எச்சங்கள். அந்த மாற்றம் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது.

பாடம் விளங்கியதா என்று ஆசிரியர் கேட்டால் ‘புரிந்தது’ என்கிறோம். சொல் இறந்தகாலம்; பொருள் இப்போது புரிகிறது என்பது. ஆங்கிலத்தின் தாய்வழியான பழைய ஜெர்மானிய மொழியிலும் சில வினைகள் இப்படி இறந்தகால வடிவிலேயே நிகழ்காலப் பொருள் பெற்று நிலைத்துவிட்டன. கேன், மே, ஷல் ஆகியவை அந்த இனத்தைச் சேர்ந்தவை. ‘ஷி சாங்’ என்னும் இறந்தகாலத் தொடரில் ‘எஸ்’ விகுதிக்கு இடமில்லை. அதே காரணத்தால்தான் ‘ஷி கேன்’ என்பதிலும் இல்லை. வில் மட்டும் வேறு வழியில், விருப்பத்தைக் குறித்த பழைய வினைவடிவிலிருந்து வந்து இக்கூட்டத்தில் சேர்ந்தது. நிகழ்காலமாகிவிட்ட இவ்வினைகளுக்குப் புதிய இறந்தகால வடிவங்கள் தேவைப்பட்டன. குட், மைட், ஷுட் ஆகியவை அப்படி உருவானவை. குட் என்பதன் எழுத்துக்கூட்டலில் ஒலிக்காமல் நிற்கும் ‘எல்’ அதற்கு உரியதன்று. ஷுட், வுட் ஆகியவற்றைப் பார்த்துப் பிற்காலத்தில் சேர்த்துக்கொண்டது.

பழைய ஆங்கிலத்தில் இவை தனித்து நிற்கும் முழுவினைகள். கேன் என்றால் அறிதல். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரிடம்கூட இது செயப்படுபொருளை ஏற்று ‘தெரியும்’ என்ற பொருளில் வருகிறது. முரட்டுத்தனமான நடத்தையைச் சொல்லும் ‘அன்கூத்’ என்ற சொல்லுக்கு முதலில் ‘அறியப்படாத’ என்றே பொருள். அது இந்த வினையின் பழைய எச்சவடிவம். மே என்பது வலிமை உடைத்தாதல். ஷல் என்பது கடன்பட்டிருத்தல். மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில், நூறு காசு கடன்பட்ட வேலைக்காரனைப் பற்றிச் சொல்லும் இடத்தில் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பு ஆள்வது இந்த ஷல்லின் இறந்தகால வடிவத்தைத்தான். பணம் கொடுக்கக் கடன்பட்டவன் என்பது செயல் செய்யக் கடமைப்பட்டவன் என்று விரிந்து, பிறகு வரப்போவதைச் சொல்லும் எதிர்காலக் குறியாக மெலிந்தது.

எல்லாவற்றிலும் வியப்பூட்டுவது மஸ்ட். இதன் முன்னோடி வினை அனுமதியைக் குறித்தது. அதன் இறந்தகால வடிவமான மஸ்ட் கட்டாயத்தைக் குறிக்கும் நிகழ்காலச் சொல்லாயிற்று. ‘செய்ய அனுமதி இல்லை’ என்பதும் ‘செய்யாதிருக்க வேண்டும்’ என்பதும் நடைமுறையில் ஒன்றே. எதிர்மறைத் தொடர்கள்தாம் இம்மாற்றத்துக்குப் பாலமாயின என்ற விளக்கம் எனக்கு ஏற்புடையது. கட்டாயத்திலிருந்து இன்னொரு படியும் கடந்தது: ‘ஹி மஸ்ட் பி அட் ஹோம்’ என்றால் இன்று அவர் வீட்டில்தான் இருப்பார் என்னும் ஊகம். புறவுலகின் நிர்ப்பந்தம் பேசுபவரின் மனத்தீர்ப்பாகிறது. மொழியியலாளர் எலிசபெத் டிராகாட் 1989இல் வெளியிட்ட ஆய்வில் இந்நகர்வை விரிவாக விளக்கினார்.

முழுவினை எப்போது துணைவினையானது என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. 1979இல் டேவிட் லைட்ஃபுட், 16ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய ஒரே வீச்சில் இது நடந்தது என்றார். அந்நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கில எழுத்தாளர் தாமஸ் மோர் ‘டு’ சேர்த்து மே வினையை எழுதியிருக்கிறார். பிறகு அத்தகைய ஆட்சி மறைகிறது. ஃபிரான்ஸ் பிளாங்க் 1984இல் இதை மறுத்து, மாற்றம் பல நூற்றாண்டுகளாகப் படிப்படியாக நிகழ்ந்தது என்று காட்டினார். சான்றுகள் பிளாங்க் பக்கமே வலுவாக உள்ளன. ஸ்காட்லாந்திலும் அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் ‘மைட் குட்’ என்று இரண்டு மோடல்களை அடுக்கிப் பேசுவோர் இன்றும் உள்ளனர். ஜெர்மன் மொழியில் இவற்றின் உறவுச்சொற்கள் செயப்படுபொருளை இன்றும் ஏற்கின்றன.

இதற்கிடையே இலக்கணக்காரர்கள் வந்தார்கள். கணித அறிஞர் ஜான் வாலிஸ் 1653இல் இலத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்தில், வெறும் எதிர்காலத்தைச் சொல்லத் தன்மைக்கு ஷல், முன்னிலைக்கும் படர்க்கைக்கும் வில் என்று வகுத்தார். இவ்விதி தலைமுறை தலைமுறையாகப் பாடநூல்களில் இடம்பெற்று இந்தியப் பள்ளிகளுக்கும் வந்து சேர்ந்தது. மொழியியலாளர் சார்ல்ஸ் ஃபிரைஸ் 1925இல் நாடக உரையாடல்களை எண்ணிப் பார்த்தபோது, மக்கள் வழக்கு இவ்விதிக்குள் அடங்கவில்லை என்பது தெரிந்தது.

மொழியியலாளர் ஜெஃப்ரி லீச் 2003இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் தெளிவானது. 1961, 1991 ஆகிய ஆண்டுகளின் பிரித்தானிய அச்சு நூல்கள், இதழ்களிலிருந்து தலா பத்து லட்சம் சொற்கள் கொண்ட இரு தொகுப்புகளை அவர் ஒப்பிட்டார். முப்பது ஆண்டுகளில் மோடல் வினைகள் மொத்தத்தில் சுமார் 9.5 விழுக்காடு குறைந்திருந்தன. ஷல் சுமார் 44 விழுக்காடும் மஸ்ட் 29 விழுக்காடும் மே 17 விழுக்காடும் வீழ்ந்தன. கேன், வில் இரண்டும் ஏறக்குறைய நிலையாக நின்றன. இறங்குபவை அதிகாரத் தொனி மிகுந்தவை என்பது கவனத்துக்குரியது. அன்றாடப் பேச்சில் மஸ்ட் இருந்த இடங்களில் பெரிதும் ‘ஹேவ் டு’ ஒலிக்கிறது. ‘நீட் டு’, ‘கோயிங் டு’ ஆகியவையும் பெருகிவருகின்றன. ஹேவ் டு ‘ஹேஸ் டு’ என விகுதி ஏற்கிறது; வில், மே ஆகியவற்றை அடுத்தும் வருகிறது. மோடல்கள் இழந்த இலக்கண உரிமைகள் இதனிடம் அப்படியே உள்ளன.

தமிழ் மாணவருக்கு விகுதியற்ற வினை புதிதன்று. நான் வர வேண்டும், அவள் வர வேண்டும், அவர்கள் வர வேண்டும் என்று எல்லா இடத்துக்கும் ஒரே வடிவத்தைத்தான் நாமும் ஆள்கிறோம். ‘ஐ கேன் ஏபிள் டு’ என்ற பரவலான பிழையையும் வரலாற்றைக்கொண்டே விளக்கலாம்: வில்லை அடுத்து வரக் கேன் வினைக்கு வடிவமில்லாததால் அவ்விடத்தை நிரப்ப வருவது ‘பி ஏபிள் டு’, கேன் இருக்கும் இடத்தில் அதற்கு வேலையில்லை. பாடநூல் எழுதுவோரிடம் ஒரு வேண்டுகோள்: ஷல்–வில் விதிக்கு ஒதுக்கும் பக்கங்களை ஹேவ் டு, கோயிங் டு ஆகியவற்றுக்குக் கொடுங்கள். ஷல் வினையைச் சட்டமொழிப் பாடத்தில் வைத்துக்கொள்ளலாம்.