சர்க்கரை நோயும் அழற்சியும்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

தேவிகுளம், பீருமேடு, சித்தூர் என எல்லையோரத் தமிழர் வீடுகளில் யாருக்காவது சர்க்கரை நோய் வந்தால், "இனிப்பு தின்னு தின்னு வந்துச்சு" என்றுதான் பேச்சு. நோயின் வரலாறு சொல்வதோ வேறு.

1942இல் பர்மா அரிசி நின்றபோது, திருவிதாங்கூர் ஏழைகளின் பசியை ஆற்றியது மரவள்ளிக்கிழங்கு. பிந்தைய ஆண்டுகளில் கேரள மருத்துவர் பி. ஜே. கீவர்கீஸ், மெலிந்த இளம் வயதினர் பலரிடம் கணையக் கல்லும் சர்க்கரையும் சேர்ந்திருக்கக் கண்டு, 1968இல் நூலே எழுதினார். மரவள்ளி மேல் சந்தேகம் விழுந்தது. பிற்கால ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை, பலரிடம் மரபணு மாற்றத்தையே காட்டின. ஒன்று மட்டும் தெளிவு: நாள்பட்ட கணைய அழற்சி, இன்சுலின் சுரக்கும் செல்களையே அழித்திருந்தது.

இன்று நம்மிடையே பரவலாக இருப்பதோ சத்தமில்லாத அழற்சி. 1876இல் ஜெர்மானிய மருத்துவர் எப்ஸ்டைன், அழற்சி தணிக்கும் சாலிசிலேட் மருந்தால் சிறுநீர்ச் சர்க்கரை குறைவதைக் குறித்தார். காரணம் புரிய நூறாண்டுக்கு மேலாயிற்று. 1993இல் ஹோதமிஸ்லிகில் குழுவினர், பருத்த எலிகளின் கொழுப்பில் டி.என்.எஃப். என்னும் அழற்சிப் பொருள் மிகுந்திருக்கக் கண்டனர். தொப்பைக் கொழுப்பில் நோய் எதிர்ப்புச் செல்கள் குவிந்து இத்தகைய பொருள்களைச் சுரக்க, இன்சுலின் இருந்தும் அதன் வேலை நடப்பதில்லை. அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதத்துக்கும் நீரிழிவுக்கும் தொடர்புண்டு என்று சென்னை 'க்யூர்ஸ்' ஆய்வு 2005இல் காட்டியது.

ஆகவே நோயாளியைப் பழிக்காதீர்கள். நடங்கள், தொப்பையைக் குறையுங்கள், புகையை விடுங்கள். மெலிந்த பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலியும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால், கணையத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.