பேருந்தும் தெருவும் ஒரே கணக்கில்: திருப்பதி, சித்தூர் நகரப் போக்குவரத்து நிதி குறித்து

2022 செப்டம்பர் 27 அன்று திருப்பதிக்கு நூறு மின்சாரப் பேருந்துகள் என்ற திட்டம் தொடங்கியது. மின்சார வாகனங்களுக்கான மத்திய அரசின் ஃபேம் 2 மானியம் கிடைத்தது. அலிபிரி டெப்போவில் மின்னேற்றும் வசதி அமைந்தது. வண்டிகள் தனியார் நிறுவனத்துடையவை. ஓடும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஆந்திர மாநிலச் சாலைப் போக்குவரத்துக் கழகம் பணம் தருகிறது, பயணச்சீட்டு வருமானம் கழகத்தைச் சேர்கிறது. அறிவித்த திட்டப்படி 50 வண்டிகள் திருமலை மலைப்பாதைக்கு, 14 வண்டிகள் ரேணிகுண்டா விமான நிலையத் தடத்துக்கு. நெல்லூர், கடப்பா, மதனப்பள்ளிக்குத் தலா 12. கூட்டிப் பார்த்தால் நூறு தீர்ந்துவிடுகிறது. லீலா மஹால் சந்திப்பில் நின்று ருயா அரசு மருத்துவமனைக்குப் போகக் காத்திருக்கும் உள்ளூர்வாசிக்கு அந்தக் கணக்கில் ஒரு வண்டிகூட ஒதுக்கப்படவில்லை.

ஏழைத் தேசத்துக்குப் பணம் ஏது என்பது இதற்கான வழக்கமான பதில். திருப்பதியைப் பொறுத்தவரை அது பொருந்தாது. இங்கே வாங்குவதற்கும் கட்டுவதற்கும் பணம் வருகிறது; ஓட்டுவதற்கும் பராமரிப்பதற்கும்தான் போதிய அளவில் வருவதில்லை. அதற்குக் காரணம் அதிகாரிகளின் அசட்டை என்பதைவிட, கணக்குகள் பிரிக்கப்பட்டிருக்கும் விதம் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1992-இல் நிறைவேறிய 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 பணிகளைப் பன்னிரண்டாம் அட்டவணையில் வரிசைப்படுத்தியது. சாலைகளும் பாலங்களும் அதில் இருக்கின்றன. தெருவிளக்கும் வாகன நிறுத்துமிடமும் பேருந்து நிறுத்தமும் இருக்கின்றன. பேருந்து மட்டும் இல்லை. நிழற்குடை மாநகராட்சியின் பொறுப்பு, அதன் முன் வந்து நிற்க வேண்டிய வண்டி மாநிலத்தின் பொறுப்பு. 2020 ஜனவரி 1 முதல் கழகத்தின் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் அரசுத் துறை ஊழியர்களாக ஆன பிறகு, நடத்துநரின் சம்பளம் மாநிலக் கருவூலத்தோடு இன்னும் நெருக்கமாகப் பிணைந்துவிட்டது. மேயருக்கு அதில் குரல் கிடையாது.

இந்தப் பிரிவினையின் விலையைத் தார்ச்சாலையே சொல்லும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த ஆஷோ சாலைச் சோதனை, அச்சின்மீது விழும் சுமை இருமடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்று காட்டியது. பேருந்து தெருவைத் தேய்க்கிறது. தேய்ந்த தெரு பேருந்தின் வில்பட்டைகளையும் டயர்களையும் தின்கிறது. முதல் செலவு மாநகராட்சிப் பொறியாளரின் ஏட்டில் ஏறுகிறது, இரண்டாவது டெப்போ மேலாளரின் ஏட்டில். இரண்டு ஏடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மேசை எங்கும் இல்லை.

முன்பு இவ்வளவு விலகல் இருக்கவில்லை. சித்தூர் மாவட்டம் சென்னை மாகாணத்தில் இருந்த காலத்தில் உள்ளாட்சிகள் சாலைச் சுங்கம் வசூலித்தன. 1931-ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் மோட்டார் வண்டிகள்மீதான அந்தச் சுங்கத்தை ஒழித்து, வரி வருமானத்திலிருந்து உள்ளாட்சிகளுக்கு ஈடு தரும் ஏற்பாட்டைச் செய்தது. வண்டி செலுத்தும் வரியில் தெருவுக்குப் பங்குண்டு என்பதை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. பின்வந்த காலத்தில் வண்டிகள் பெருகிய வேகத்தில் அந்த ஈட்டுத்தொகை பெருகவில்லை. ஆந்திர அரசு 2020-இல் பெட்ரோல், டீசல்மீது லிட்டருக்கு ஒரு ரூபாய் சாலை மேம்பாட்டு வரி விதித்தபோதும் அது மாநில அளவிலான சாலைப் பணிகளுக்கே என்று ஆயிற்று.

திருப்பதியில் இன்னொரு பெரிய கஜானா உண்டு. சீனிவாச சேது மேம்பாலம் சுமார் 650 கோடி ரூபாயில் எழுந்து 2023 செப்டம்பர் 18-இல் திறக்கப்பட்டது. அச்செலவில் 67 சதவீதம் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் பங்கு, 33 சதவீதம் பொலிவுறு நகர நிறுவனத்தின் பங்கு. அடுத்த மாதமே தேவஸ்தான அறங்காவலர் குழு தன் ஆண்டு வரவுசெலவில் 1 சதவீதத்தை நகர வளர்ச்சிக்கு ஒதுக்கத் தீர்மானித்தது. அவ்வாண்டின் மதிப்பீடு சுமார் 4,411 கோடி. ஆகவே பேச்சு ஏறத்தாழ 44 கோடியைப் பற்றியது. மாநில அரசு அதை ஏற்கவில்லை. ஆண்டு முடிவதற்குள், நகரத் துப்புரவுப் பணிக்குத் தேவஸ்தான நிதியைக் கொடுப்பதை உயர் நீதிமன்றமும் இடைக்கால ஆணையால் நிறுத்தியது. ஒரே முறை கட்டும் பாலத்துக்கு நூற்றுக்கணக்கான கோடி கிடைத்துவிட்டது. ஆண்டுதோறும் பெருக்கவும் ஒட்டுப்போடவும் வேண்டிய சிறு பங்குதான் வழக்காயிற்று.

எதிர்த்தவர்களின் வாதம் எளிதில் தள்ளிவிடத் தக்கதல்ல. பக்தர் உண்டியலில் இடும் காசு சாமிக்குக் கொடுத்தது. அதைச் சாக்கடை அள்ள எடுத்தால், நாளை எந்த ஆட்சியும் எந்தச் செலவுக்கும் கை நீட்டும். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் தேவஸ்தானத்துக்கு உண்டியல் அல்லாத வருமானமும் இருக்கிறது. அலிபிரி சோதனைச் சாவடியில் மலையேறும் கார்களிடம் கட்டணம் வாங்கப்படுகிறது. அது நேர்த்திக்கடன் அல்ல, சாலையைப் பயன்படுத்துவதற்கான விலை. அதே கார் சாவடியை எட்டுமுன் நகரத் தெருக்களைக் கடந்தே வந்திருக்கிறது. அக்கட்டணத்தில் ஒரு பங்கு, தீர்மானத்தால் அல்லாமல் சட்டத்தால், நகரப் பேருந்தை ஓட்டவும் அது ஓடும் தெருக்களைப் பராமரிக்கவும் மட்டும் என்று வரையறுக்கப்பட்டால், காணிக்கையைத் தொட்ட குற்றச்சாட்டு எழாது.

பிரான்ஸ் இதற்கு ஒத்த வழியை 1971-இல் பாரிஸ் வட்டாரத்திலும், 1973 முதல் பிற நகரங்களிலும் எடுத்தது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் ஆட்களை வேலைக்கு வைப்போர், தரும் சம்பளத்தில் ஒரு பங்கை உள்ளூர்ப் போக்குவரத்துக்குச் செலுத்த வேண்டும். புதிய வண்டி வாங்க மட்டுமல்ல, ஓட்டுவதற்கும் அந்தப் பணம் செலவாகிறது. கூட்டத்தை வரவழைப்பவர் அதன் போக்குவரத்திலும் பங்கேற்க வேண்டும் என்ற அந்த நியாயம், ஆண்டு முழுவதும் யாத்திரிகர் வந்து இறங்கும் ஊருக்கு இயல்பாகவே பொருந்தும்.

சித்தூருக்கு இந்த வழி இல்லை. அங்கே மலையும் இல்லை, சாவடியும் இல்லை. 1917-இல் நகராட்சியாகி 2012-இல் மாநகராட்சியான ஊர் அது. மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் சுமார் ஒன்றரை லட்சம். 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற பிரதமர் இ-பஸ் சேவா திட்டம், கிலோமீட்டர்க் கட்டணத்துக்கே பத்தாண்டு உதவி தருகிறது. ஓட்டும் செலவை ஏற்பதால் முந்தைய திட்டங்களைவிட அது மேலானது. ஆயினும் அது பொதுவாக மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள்தொகை கொண்ட நகரங்களுக்கானது. திருப்பதி உள்ளே, சித்தூர் வெளியே. சித்தூர் நகருக்குள் போக மக்கள் பெரிதும் நம்புவது ஷேர் ஆட்டோவை.

2025 ஆகஸ்ட் 15-இல் பெண்களுக்கு இலவசப் பயணம் தரும் ஸ்திரீ சக்தி தொடங்கியது. பல்லெ வெலுகு என்னும் கிராமப் பேருந்து, எக்ஸ்பிரஸ் உள்ளிட்ட ஐந்து வகைப் பேருந்துகளில் அது செல்லும். அதனால் பயணிகளை இழந்த ஆட்டோ, டாக்சி ஓட்டுநர்களின் பிழைப்புக்கு ஈடாக அக்டோபரில் மாநில அரசு தகுதிபெற்ற ஒவ்வொருவருக்கும் 15,000 ரூபாய் கொடுத்தது; மொத்தம் சுமார் 436 கோடி. அந்த ஈடு தேவையானதே. ஆனால் தொகை கைமாறியதோடு சரி, எந்தத் தெருவிலும் ஒரு நடைகூடக் கூடவில்லை. பேருந்து நுழையாத குடியிருப்புகளுக்கும் பேருந்து நிலையத்துக்கும் இடையே இணைப்பு நடைகள் ஓட்ட ஒப்பந்தமாக அதைத் தந்திருந்தால், ஓட்டுநருக்கும் வருமானம், பயணிக்கும் வண்டி.

சித்தூரின் இரண்டு டெப்போக்களிலிருந்து புறப்படும் பல்லெ வெலுகு வண்டிகளும், வேலூரிலிருந்து வரும் தமிழ்நாட்டுப் பேருந்துகளும் நகரத் தெருக்களின் வழியேதான் போய்வருகின்றன. நிறுத்தங்களைக் கூட்டினால் அவையே பாதி நகரப் பேருந்தாகிவிடும். 2021 முதல் ஆந்திரத்தில் சொத்து வரி மூலதன மதிப்பின்படி கணிக்கப்படுகிறது. உயர்வுக்கு ஆண்டுக்கு 15 சதவீதம் என்ற உச்சவரம்பு உண்டு. அந்த உயர்வில் ஒரு பகுதியை, பேருந்து செல்லும் தெருக்களின் வடிகாலுக்கும் தாருக்கும் முதலில் என்று மாமன்றமே தீர்மானிக்கலாம். எந்தத் தெருவில் நாளொன்றுக்கு எத்தனை நடை என்ற பட்டியல் டெப்போவில் ஏற்கெனவே இருக்கிறது. அதை மாநகராட்சிப் பொறியாளரின் மேசைக்குக் கொண்டுபோகப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.