டைல்ஸ் மேல் டைல்ஸ், ஓவியம் மேல் ஓவியம்

கொல்லிமலையோ சென்னையோ, வீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் மேலேயே புதுசு ஒட்டுகிறார்களே, அது ஒன்றும் புது யோசனை அல்ல. தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் நாயக்கர் காலத்திலேயே நடந்திருக்கிறது.

ராஜராஜ சோழன் 1010-ல் கட்டி முடித்த கோயில் அது. கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உள்சுற்றில் சோழர் ஓவியங்கள் இருந்தன. 17-ம் நூற்றாண்டில் நாயக்கர்கள் அவற்றின் மேலேயே சுண்ணாம்பு பூசி வேறு ஓவியம் தீட்டினார்கள்.

1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி, மேல்பூச்சு உதிர்ந்த இடத்தில் சோழர் ஓவியத்தைக் கண்டார். அடியில் இருப்பது வேண்டும், மேலே இருப்பதையும் அழிக்கக் கூடாது. என்ன செய்வது? தொல்லியல் துறை பின்னாளில் நாயக்கர் ஓவியத்தைத் தனியே உரித்தெடுத்து ஃபைபர் கிளாஸ் பலகையில் பொருத்தியது.

நாயக்கர்கள் பழையதைச் சுரண்டிவிட்டு வரைந்திருந்தால் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும். மேலே பூசியதால் நமக்கு இரண்டும் கிடைத்தன.