கித்தா மரத்தடியில் ஒரு வரலாற்றுப் பாடம்



பள்ளி விடுமுறை நெருங்கினால் பெற்றோர் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "டீச்சர், அதிகச் செலவில்லாமல் பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்?" பேரங்காடிக்குச் சென்று திரும்பினால் நூறு வெள்ளியும் போதவில்லை என்பது அவர்களின் கவலை. குன்றுகளுக்கு அழைத்துச் செல்லுங்கள் என்பதே என் பதில். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் சிறுவர்களும் எளிதாக ஏறக்கூடிய குன்றுகள் பல உள்ளன. அவை உடலுக்கு நலம் தருவதோடு நம் வரலாற்றையும் கற்றுத் தருகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் சிலரைப் பெற்றோர்களுடன் புக்கிட் கியாராவுக்கு அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு சிறுவன் கீழே கிடந்த புள்ளிபோட்ட கொட்டை ஒன்றை எடுத்துக் காட்டி, "டீச்சர், இது என்ன கொட்டை?" என்று கேட்டான். சுற்றி நின்ற பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. அது ரப்பர் கொட்டை! அந்தக் கொட்டையைச் சிமெண்டுத் தரையில் தேய்த்து, சூடேறியதும் பக்கத்தில் இருப்பவர் கையில் வைத்து விளையாடியவர்கள் நாம். அந்தப் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார் அந்த மரத்தை நம்பியே வாழ்ந்தவர்கள். இரண்டே தலைமுறையில் மரத்தின் முகம் மறந்துபோயிற்று. அன்றுதான் இக்குன்றுகளின் வரலாற்றை எழுதவேண்டும் என்று எண்ணினேன்.

முதலில் ஒரு கேள்வி. இத்துணை கட்டடங்களுக்கு நடுவே இந்தப் பசுமை எவ்வாறு எஞ்சியது? ஒவ்வொரு குன்றுக்கும் ஒவ்வொரு காரணம் உண்டு.

மாநகரின் நடுவே நிற்கும் புக்கிட் நானாஸ், 1906ஆம் ஆண்டு காப்புக் காடாக அறிவிக்கப்பட்டதால் பிழைத்தது. அங்கு இருப்பது இயற்கையாய் வளர்ந்த பழங்காடு. ஆயினும் தொடக்கத்தில் ஏறத்தாழ 17 ஹெக்டராக இருந்த அக்காடு இன்று 9 ஹெக்டர் அளவுக்குச் சுருங்கிவிட்டது. 1996இல் திறக்கப்பட்ட கோலாலம்பூர் கோபுரமும் அக்குன்றின் மேல்தான் நிற்கிறது. கோபுரம் கட்டும்போது, நூறு வயதைக் கடந்த ஜெலுத்தோங் மரம் ஒன்றை வெட்டாமல் காத்தனர் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டிய செய்தி.

கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தின் கதை வேறு. ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட நிலத்தில் 1920களில் மரம் நடத் தொடங்கினர். 1929இல் கழகம் உருவானது. மனிதர் அழித்த நிலத்தில் மனிதரே வளர்த்த அக்காடு, 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

மூன்றாவது புக்கிட் கியாரா. இது நம்மோடு நேரடித் தொடர்புடையது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 ரப்பர்க் கன்றுகளிலிருந்து தொடங்கிய பயிர், பின்னர் மலாயா முழுதும் பரவியது. அந்தக் கித்தாக் காடுகளில் விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, நிரை நிரையாய் மரம் சீவி, மங்குகளில் வடிந்த பாலை வாளியில் சுமந்தவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். புக்கிட் கியாராவும் அத்தகைய தோட்டமே. அதன் ஒற்றையடிப் பாதைகளின் ஓரத்தில் இன்றும் முதிய பால்மரங்கள் நிற்கின்றன. உற்று நோக்கினால் சில மரங்களின் அடியில் உளி பட்ட வடுக்களைக் காணலாம்.

அரசாங்கம் அத்தோட்ட நிலத்தைக் கையகப்படுத்தியது. தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் 1982இல் ரூமா பாஞ்சாங் எனப்படும் நீண்ட வீடுகளுக்கு மாற்றப்பட்டன. அது தற்காலிக ஏற்பாடு, நிரந்தர வீடுகள் பின்னர் கிடைக்கும் என்பதே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆண்டுகள் உருண்டோடின, பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்கும் பிள்ளைகள் பிறந்தனர். வீடு மட்டும் வரவில்லை.

2017இல் அங்குள்ள தாமான் ரிம்பா கியாரா பூங்காவின் ஒரு பகுதியில் அடுக்குமாடிகள் கட்ட மாநகராட்சி மன்றம் அனுமதி வழங்கியது. அத்திட்டத்தில் நீண்ட வீட்டு மக்களுக்கான வீடுகளும் அடங்கியிருந்தன. பூங்காவைக் காக்க வட்டார மக்கள் வழக்குத் தொடுத்தனர். வீட்டுக்காகக் காத்திருந்த குடும்பங்களோ அத்திட்டத்தையே நம்பியிருந்தன. இறுதியில் 2023 ஏப்ரல் 18ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது எனத் தீர்ப்பளித்தது. பூங்கா பிழைத்தது. 41 ஆண்டுகள் கடந்த பின்னும் அக்குடும்பங்கள் நீண்ட வீடுகளிலேயே இருந்தன.

இதில் எந்தத் தரப்பைப் பிள்ளைகளுக்குச் சொல்வது? இரண்டையும் சொல்லவேண்டும் என்பது என் கருத்து. மரங்கள் காக்கப்பட்டதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் நாம் கட்டணமின்றி நடக்கும் அப்பாதையை முதலில் நடந்து தேய்த்தவர்கள், சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டுகள் காத்திருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு நிழலை மட்டும் அனுபவிப்பது முறையன்று. பசுமையும் வேண்டும், பாடுபட்டவர்க்கு வீடும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுக்கும் நிலைக்கு மக்களைத் தள்ளியது நெடுங்காலத் தாமதமே.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். பிரிக்பீல்ட்ஸ் பகுதியினர் முசியம் நெகாரா நிலையத்தில் எம்.ஆர்.டி. இரயில் ஏறி, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து பூங்காவுக்கு வாடகை வாகனத்தில் சிறிது தூரமே. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. காலையிலேயே சென்று, பிற்பகல் மழைக்கு முன் திரும்புவது நல்லது. வழுக்காத காலணி, குடிநீர், கொசு மருந்து ஆகியவை போதும்.

இன்னொன்றும் இயன்றால் செய்யுங்கள். வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தால் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். அடிவாரப் பாதையில் மெல்ல நடந்தாலே போதும். ஒரு பால்மரத்தடியில் அவர்களை நிறுத்தி, "இதை எப்படிச் சீவுவீர்கள்?" என்று பேரப்பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். பாடநூலில் இல்லாத அந்தப் பாடத்தை நடத்த அவர்களைவிடச் சிறந்த ஆசிரியர் இல்லை. அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.